பிளாட்டினம் சான்றுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்

தன் பாட்டுக்கு ஏதோ ஓர் அங்கீகாரம் கிடைக்கும் என்று நம்பிப் பணம் கட்டி ஏமாந்து ஒருவர் என்னிடம் வருவது, இந்த வருஷத்தில் இது மூன்றாவது முறை. முதல் இரண்டு பேர் வந்தபோது, பாவம், ஏமாந்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன். போன வாரம் வந்தவரைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

நான் கும்பகோணத்தில் ஆடிட்டர். பாத்திரக் கடை, அரிசி ஆலை, பட்டுத்தறி வைத்திருப்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். கூடவே நாகஸ்வரம், தவில், பக்திப் பாட்டு என்று இசையில் பிழைக்கிற சிலரும் உண்டு. போன வாரம் வந்தவர் குத்தாலம் பக்கத்து ஊர்க்காரர். அறுபதைத் தாண்டியவர். மாரியம்மன் பாட்டைத் தானே எழுதி, தானே மெட்டமைத்துப் பாடுவார். அந்தப் பக்கம் காப்புக் கட்டிவிட்டால் தீமிதி முடிகிறவரை அவருக்குத் தூக்கம் கிடையாது. இரண்டு வருஷம் முன்பு எட்டுப் பாட்டைப் பதிவு செய்து ஆல்பமாக இணையத்தில் விட்டார். தட்டும் போடவில்லை, கேசட்டும் போடவில்லை.

துண்டில் சுற்றி ஒரு பெரிய ஃபிரேமைக் கொண்டுவந்து என் மேஜையில் லெட்ஜருக்கு மேலே வைத்தார். கறுப்பு வெல்வெட் துணி, நடுவில் தங்க நிறத்தில் ஒரு தட்டு, கீழே பித்தளைத் தகட்டில் அவர் பெயர். பக்கத்திலேயே ஒரு சான்றிதழ்: இந்த ஆல்பம் இந்தியாவில் 10 லட்சம் பிரதிகள் விற்று பிளாட்டினம் தகுதி பெற்றது என்று. ‘சர்வதேச’ என்று தொடங்கும் ஒரு சங்கத்தின் பெயர் இருந்தது, முகவரி இல்லை. இதற்கு அவர் கொடுத்தது 1,85,000 ரூபாய். அம்மாவின் ஆறு பவுன் அடகுக் கடையில் இருக்கிறது.

“ஐயா, பில் கொடுத்தாங்களா?” என்று கேட்டேன்.

“பில்லா? சர்டிபிகேட்டே கொடுத்துட்டாங்களே தம்பி.”

ஃபிரேமை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தேன். பெயிண்ட்டுக்கு அடியில் இசைத்தட்டின் வரிகள் தெரிந்தன. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வரும் இடைவெளியை விரலால் எண்ணினால் அந்தப் பக்கத்தில் ஐந்து பாட்டு. அவருடைய ஆல்பம் தட்டாக வரவே இல்லையே! யாருடைய பழைய தட்டோ, அதன் மேல் தங்க ஸ்பிரே. பிளாட்டினம் என்று எழுதிவிட்டுத் தங்கப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், அந்த அளவுக்கு அவசரம்.

அப்புறம் அவர் பாட்டை விநியோகிக்கும் நிறுவனம் அனுப்பிய கணக்கைப் போனில் திறக்கச் சொன்னேன். அதுவரை அவர் அதைத் திறந்ததே இல்லை. எட்டுப் பாட்டும் சேர்த்து, இரண்டு வருஷத்தில் 4,312 முறை கேட்கப்பட்டிருந்தது. வந்த வருமானம் முந்நூறு ரூபாய் சொச்சம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தங்கம், பிளாட்டினம் என்று சொல்வது பரிசு இல்லை, விருதும் இல்லை. அது தணிக்கை. கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, இத்தனை பிரதி உண்மையிலேயே போயிருக்கிறது என்று வெளியாள் ஒருவர் கையெழுத்துப் போடுவது. ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1942ல் அமெரிக்க இசைக்குழுத் தலைவர் கிளென் மில்லருக்கு அவருடைய கம்பெனி ஆர்.சி.ஏ. தானே ஒரு தங்கத்தட்டு செய்து கொடுத்தது. கம்பெனி சொல்வதுதான் கணக்கு. 1958ல் அமெரிக்க ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. தணிக்கையோடு கூடிய முறையைக் கொண்டுவந்தது. இன்றைக்கு அவர்கள் அளவு: 5 லட்சம் போனால் தங்கம், 10 லட்சம் போனால் பிளாட்டினம், 1 கோடி போனால் டைமண்ட். பிளாட்டினம் 1976ல் வந்தது, டைமண்ட் 1999ல். இங்கிலாந்தில் பி.பி.ஐ. என்ற சங்கம் வேறு அளவு வைத்திருக்கிறது: 60,000க்கு வெள்ளி, 1 லட்சத்துக்குத் தங்கம், 3 லட்சத்துக்கு பிளாட்டினம். ஒரு நாட்டுச் சான்று அந்த நாட்டுக்குள் போனதை மட்டும்தான் எண்ணும். குத்தாலத்தில் ஒலித்த பாட்டை அமெரிக்கச் சங்கம் எண்ணாது.

இனி எனக்கு ரொம்ப எரிச்சல் தருகிற விஷயம். அனுப்பியது வேறு, விற்றது வேறு, பார்த்தது வேறு. இதை நம் ஊரில் நான் விளக்கவே தேவை இருக்கக்கூடாது. கொள்முதல் நிலைய வாசலில் இறக்கி வைத்த மூட்டையை விற்ற நெல் என்று யாராவது எழுதுவார்களா? ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் என்ன பாடு என்று டெல்டாவில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எடை போட்டு, ரசீது கைக்கு வந்தால்தான் அது விற்ற நெல். பாத்திரக் கடைக்கு அனுப்பிய நூறு குத்துவிளக்கில் நாற்பது திரும்பி வந்தால் அறுபதுதான் விற்பனை. பிரபலமான ஆட்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். 1978 செப்டம்பரில் கிஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் நான்கு பேரும் ஒரே நாளில் ஆளுக்கொரு ஆல்பம் விட்டார்கள். இரண்டே வாரத்தில் நான்குக்கும் பிளாட்டினம், ஏனென்றால் கம்பெனி அத்தனை சரக்கைக் கடைகளுக்குத் தள்ளியிருந்தது. அப்புறம் அதில் ஏராளமான சரக்கு கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தது. திரும்பிய சரக்கைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி.

எண்ணும் விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓடும் நேரம் 100 நிமிடத்தைத் தாண்டினாலோ, பழைய வினைல் இசைத்தட்டுக் காலத்தில் வந்திருந்தாலோ, இரட்டைத் தட்டு ஆல்பத்தை ஆர்.ஐ.ஏ.ஏ. இரண்டாக எண்ணும். அதனால்தான் பீட்டில்ஸ் குழுவின் ‘வெள்ளை ஆல்பம்’ 24 மடங்கு பிளாட்டினம் என்றால், வீட்டுக்குப் போனது கிட்டத்தட்ட 1 கோடியே 20 லட்சம் செட். ஈகிள்ஸ் குழுவின் 1976ஆம் வருஷத் தொகுப்பு ஆல்பம் 2006ல் 29 மடங்கு பிளாட்டினமாக இருந்தது, 2018ல் திடீரென்று 38 ஆகி மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ ஆல்பத்தை முந்தியது. ஒரே இரவில் 90 லட்சம் விற்றதா? இல்லை. இடையில் கம்பெனி தணிக்கை கேட்கவில்லை, கேட்டபோது பழைய பாக்கியெல்லாம் சேர்ந்து ஏறியது. ‘திரில்லர்’ உலகம் முழுக்க விற்றதை ஒருவர் 6.5 கோடி என்பார், இன்னொருவர் 10 கோடி என்பார். அமெரிக்காவில் தணிக்கையான கணக்கு 34 மடங்கு பிளாட்டினம், அதாவது 3 கோடியே 40 லட்சம். பேச்சில் இருக்கும் எண்ணும் ஏட்டில் இருக்கும் எண்ணும் இவ்வளவு தள்ளி நிற்கும், உலகத்திலேயே அதிகம் விற்ற ஆல்பத்துக்கும்.

“ஆனா தம்பி, அமெரிக்காவிலயும் பணம் கட்டித்தான் வாங்கறாங்களாம், ஏஜென்ட் சொன்னார்” என்றார் அவர். ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் ஆபத்தான பாதி. ஆர்.ஐ.ஏ.ஏ.விடம் கம்பெனி விண்ணப்பிக்க வேண்டும், கட்டணமும் உண்டு. ஆனால் அந்தக் கட்டணம் எண்ணுவதற்கான கூலி. நானும்தான் தணிக்கைக்குக் கட்டணம் வாங்குகிறேன். அதற்காக நான் விற்றுமுதலை ஏற்றி எழுதித் தருவேனா? 2013ல் அமெரிக்க ராப் பாடகர் ஜே-ஜீயின் ஆல்பம் ஒன்றை சாம்சங் 10 லட்சம் பிரதி மொத்தமாக வாங்கித் தன் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. சங்கம் அதற்காகத் தன் விதியையே மாற்றி பிளாட்டினம் கொடுத்தது. பில்போர்டு பத்திரிகையோ அந்தப் பிரதிகளைத் தன் பட்டியலில் எண்ண மறுத்தது. அந்த முடிவில் எனக்கும் சங்கத்தோடு உடன்பாடு கிடையாது, ஆனால் அங்கேயும் பிரதி ஒன்றுக்கு 5 டாலர் வீதம் ஒருவர் உண்மையிலேயே கொடுத்திருக்கிறார், கணக்கில் வரவு இருக்கிறது. இங்கே வரவு எங்கே?

2016லிருந்து அங்கே இணையத்தில் கேட்பதையும் எண்ணுகிறார்கள்: 1,500 முறை கேட்டால் ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமம். அந்த விதிப்படி ஐயாவின் 4,312ஐ வகுத்துக் காட்டினேன். மூன்று ஆல்பம்கூட முழுசாக வரவில்லை. அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்கும் பேச்சு வரவில்லை.

முன்பு வந்த இரண்டு பேரில் ஒருவர் யூடியூப் பட்டனை நம்பி ஏமாந்தவர். யூடியூப் தரும் வெள்ளி பட்டன் 1 லட்சம் சந்தாதாரருக்கு, தங்கம் 10 லட்சத்துக்கு, டைமண்ட் 1 கோடிக்கு. அது சேனலைப் பின்தொடரும் ஆட்களின் எண்ணிக்கை. பாட்டு விற்றதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்று, ஐ.எஸ்.ஆர்.சி. என்று எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட ஒரு குறியீடு. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் கிடைக்கும் அடையாள எண் அது, வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. ஐயாவின் சான்றிதழில் அதைத்தான் ‘பதிவு எண்’ என்று போட்டிருந்தார்கள். நம்பர் பிளேட் இருந்தால் வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்று தெரியுமா?

பக்திப் பாட்டுக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டு ஒலிக்காத கல்யாணம் அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் குறைவு. நாகூர் ஹனீபா, சீர்காழி கோவிந்தராஜன் கேசட்டுகள் தேய்ந்து நாடா அறுந்தும் ஒட்டிப் போட்டுக் கேட்ட வீடுகள் எத்தனை. கடையில் வெற்றுக் கேசட்டில் பதிந்து வாங்கிப்போனதெல்லாம் எந்தக் கம்பெனி ஏட்டிலும் ஏறவில்லை. கேட்டவர்கள் எண்ணிக்கையும் விற்ற எண்ணிக்கையும் நம் ஊரில் ஒருநாளும் ஒன்றாக இருந்ததில்லை. உங்கள் பாட்டை ஊர் முழுக்கப் போடுகிறார்கள் என்றால் அது உண்மை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு ஒரு பொய்த்தட்டு எதற்கு?

பொய்த்தட்டால் வரும் வினை வேறு. 10 லட்சம் பிரதி விற்றதாக ஒரு தாளில் உங்கள் பெயர் இருந்தால், அது நீங்களே சொன்ன விற்றுமுதல். அதைக் காட்டி வங்கியில் கடன் கேட்டாலோ, வருமான வரி அதிகாரி பார்த்துவிட்டு அந்தப் பணம் எங்கே என்று கேட்டாலோ, நான் என்ன பதில் எழுதுவது? தயவுசெய்து அதை எந்த விண்ணப்பத்தோடும் இணைக்காதீர்கள். ஃபேஸ்புக்கில் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அந்தச் சான்றிதழில் ஒரு ஆடிட்டர் முத்திரையும் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. 2019 பிப்ரவரியிலிருந்து நாங்கள் தரும் எந்தச் சான்றிதழிலும் யூ.டி.ஐ.என். என்ற 18 இலக்க எண் இருந்தே தீர வேண்டும். அதை எங்கள் இன்ஸ்டிடியூட்டின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம், காசு கிடையாது. ஆடிட்டர் முத்திரை இருந்து அந்த எண் இல்லை என்றால், அந்தத் தாளை நம்பி ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள்.

யாராவது சான்று வாங்கித் தருகிறேன் என்று வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கணக்கைப் பார்த்து எண்ணினாய்? யார் தணிக்கை செய்தார்? ஜி.எஸ்.டி. பில் தருவாயா? மூன்றில் ஒன்றுக்குக்கூட நேரான பதில் வராது. ‘வியூஸ் ஏற்றித் தருகிறேன்’ என்பவனையும் வாசலோடு அனுப்புங்கள், பொய்யாக ஓட்டிய எண்ணிக்கை பிடிபட்டால் ஸ்பாட்டிஃபை அதைக் கழித்துவிடும், பாட்டையே எடுத்துவிடவும் வாய்ப்புண்டு. ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்களா? வெட்கப்பட்டு வீட்டில் மறைக்க வேண்டாம். இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

பணம் செலவழிக்க ஆசை இருந்தால், செலவழிக்க வேண்டிய இடம் வேறு. பாட்டை எழுதியவரும் மெட்டமைத்தவரும் நீங்களேதான் என்றால் பாட்டு எழுதுகிறவர்களுக்கும் மெட்டமைக்கிறவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகுங்கள், பாட்டுகளைப் பதிவு செய்யுங்கள். 2012ல் பதிப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தத்துக்குப் பிறகு உங்கள் ராயல்டிப் பங்கை யாரும் மொத்தமாக எழுதி வாங்கிவிட முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோதான் கொடுக்க முடியும். விநியோகக் கணக்கை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். திறக்கத் தெரியாவிட்டால் பேரனிடம் கொடுங்கள்.

ஐயாவோடு உட்கார்ந்து 1930க்குப் புகார் சொல்லிவிட்டோம். ஃபிரேமை வீட்டுக்கு எடுத்துப்போக அவருக்கு மனமில்லை, என் அலமாரிக்குப் பின்னால்தான் இருக்கிறது. பாட்டு எழுதிய நோட்டையும் ஸ்டுடியோ ரசீதையும் வியாழக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். எட்டுப் பாட்டையும் அவர் பெயரில் பதிவு செய்யப்போகிறோம்.