தீபாவளிச் சரக்கு: கிடங்கில் இருந்தும் கடையில் இல்லை

தீபாவளிக்கு ஆறு நாள் இருக்கும்போது நாகர்கோவில் டீலர் ஒருவர் போன் செய்தார். "சார், சரக்கு உங்ககிட்ட கெடக்கு. வாங்க வந்தவங்க எங்கிட்ட நிக்காங்க." அவர் சொன்னது அப்படியே உண்மை. என் கம்ப்யூட்டர் திரையில் அவர் கேட்ட வகை மிக்ஸி 11,000 இருப்பதாகக் காட்டியது. அவர் கடையில் ஒன்றுகூட இல்லை.

அப்போது ஒரு சமையலறைச் சாதன நிறுவனத்தில் சரக்குத் திட்டமிடல் என் பொறுப்பு. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் சென்னை, கோவை, சேலம், மதுரை என்று இருந்த நான்கு டெப்போக்களை மூடி, ஒரே பெரிய கிடங்காக மாற்றியிருந்தோம். அந்தக் கணக்கைப் போட்டவர்களில் நானும் ஒருவன். அதில் எங்கே தவறினோம் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்காகவும், சொந்தமாகக் குடோன் எடுக்க நினைக்கும் வியாபாரிகளுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு பின்னணி. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வரும்வரை நம் நாட்டில் கிடங்குகள் எங்கே இருக்க வேண்டும் என்பதை வரிதான் தீர்மானித்தது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்றால் மத்திய விற்பனை வரி. அதே சரக்கைத் தன் சொந்த டெப்போவுக்கு அனுப்பி அங்கிருந்து விற்றால் அந்த வரி இல்லை. அதனால் மாநிலத்துக்கு ஒரு டெப்போ, நிறுவனத்துக்காகச் சரக்கை வாங்கி வைத்து அனுப்பும் ஒரு சி அண்ட் எஃப் ஏஜென்ட் என்று வைத்திருந்தார்கள். ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் கட்டாயம் போயிற்று. ஓசூர் போன்ற எல்லையோர ஊர்களில் கிடங்கு எடுத்து இரண்டு மூன்று மாநிலங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். டெப்போக்களைச் சேர்ப்பது அன்றைய பொது மந்திரமாக இருந்தது. எங்கள் நிறுவனம் மாநிலத்துக்குள் இருந்தவற்றையும் சேர்த்து ஒன்றாக்கியது.

சேர்ப்பதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. ஒவ்வொரு டெப்போவிலும், எதிர்பாராமல் விற்பனை கூடினால் சமாளிக்கக் கொஞ்சம் கூடுதல் சரக்கு வைப்போம். அது பாதுகாப்பு இருப்பு. கோவையில் கூடும் மாதம் மதுரையில் குறையலாம். ஒரே இடத்தில் வைத்தால் ஒன்று மற்றொன்றை ஈடுகட்டும். இதற்கு வர்க்கமூல விதி என்று ஒரு கணக்கு இருக்கிறது. நான்கை ஒன்றாக்கினால் பாதுகாப்பு இருப்பு பாதியாகும், ஒன்பதை ஒன்றாக்கினால் மூன்றில் ஒரு பங்காகும்.

ஆனால் இந்த விதிக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஓர் ஊரின் விற்பனை இன்னோர் ஊரின் விற்பனையோடு தொடர்பில்லாமல் ஏறி இறங்க வேண்டும். தீபாவளியில் அது நடக்குமா? கோவையும் மதுரையும் நாகர்கோவிலும் ஒரே வாரத்தில்தான் ஏறும். ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கி ஈடுகட்டுவதே இல்லை. நாங்கள் ஆண்டு முழுவதுக்குமான சராசரியை வைத்து விதியைப் போட்டோம். ஜூனில் அது சரியாக வேலை செய்தது.

சரக்கு மொத்தமாகப் போதவில்லை என்றால்கூட மனம் ஆறியிருக்கும். சரக்கு இருந்தது, வெளியே வரவில்லை. புதுக் கிடங்கில் நான்கு லோடிங் வாசல். டீலர் வண்டி என்றால் ஒரே பொருளை அடுக்கி அனுப்புவது இல்லை. ஏழெட்டு மாடல், பில்லுக்குப் பில் பிரித்து எடுத்து, எண்ணி, கையால் ஏற்ற வேண்டும். ஒரு வண்டிக்கு மூன்று மணி நேரம். சாப்பாடு, சரிபார்ப்பு எல்லாம் போக ஒரு வாசலில் ஒரு நாளைக்கு மூன்று வண்டி. ஆக மொத்தம் 12. சாதாரண நாளில் எட்டு ஒன்பது வண்டிதான் என்பதால் தாராளமாகத் தெரிந்தது. ஆயுத பூஜை முடிந்த பிறகு நாளொன்றுக்கு 20 வண்டி தேவைப்பட்டது. தினமும் எட்டு வண்டி பாக்கி. ஒரே வாரத்தில் 56 வண்டி கேட்டுக்கு வெளியே நின்றன. பழைய நான்கு டெப்போக்களும் சின்னவைதான், ஆனால் நான்கு இடத்திலும் வாசல் இருந்தது, லோடுமேன்கள் இருந்தார்கள். நாங்கள் சரக்கைச் சேர்த்ததோடு நெரிசலையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டோம்.

இதோடு ஆள் பிரச்சினை. ஆயுத பூஜைக்கு லாரிகள் நிற்கும். வண்டிக்குப் பூஜை போட்ட பிறகுதான் எடுப்பார்கள். கிடங்குகளில் வேலை பார்க்கும் பீகார், ஒடிசாத் தொழிலாளர்கள் பலர் தீபாவளிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குக் கிளம்புவார்கள். வேலை உச்சத்துக்குப் போகும் அதே வாரத்தில் கை குறையும். போகாதே என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள். திட்டம்தான் அதற்கு ஏற்றபடி இருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு நாங்கள் செய்த மாற்றம் எளிது. மதுரையிலும் கோவையிலும் மூன்று மாதத்துக்கு மட்டும் தற்காலிகக் குடோன் எடுத்தோம். எல்லாப் பொருளையும் அங்கே தள்ளவில்லை. எந்த ஊரிலும் கண்ணை மூடிக்கொண்டு போகிற ஏழெட்டு மாடல்களை மட்டும் செப்டம்பரிலேயே அனுப்பிவிட்டோம். அவை எப்படியும் விற்கும் என்று தெரியும். அவற்றை மையக் கிடங்கில் வைத்திருப்பதால் எந்த லாபமும் இல்லை, வாசலைத்தான் அடைக்கும். புது நிறம், விலை கூடிய மாடல், எங்கே ஓடும் என்று சொல்ல முடியாத பொருள்களை மட்டும் மையத்தில் வைத்தோம். தீபாவளியில் மொத்த விற்பனை எல்லா ஊரிலும் சேர்ந்தே ஏறும். ஆனால் திருச்சியில் சிவப்பு போகுமா, ஈரோட்டில் கறுப்பு போகுமா என்பது ஊருக்கு ஊர் மாறும். ஒரே கிடங்கில் வைப்பதன் பலன் அப்படி ஊருக்கு ஊர் மாறும் பொருள்களில்தான் கிடைக்கும். பல நிறுவனங்கள் இதைத் தலைகீழாகச் செய்வதை இன்றும் பார்க்கிறேன். யாருக்கும் தெரியாத புது மாடலை எல்லா ஊருக்கும் பரப்பிவிட்டு, நன்றாக ஓடுவதை மையத்தில் பூட்டி வைக்கிறார்கள்.

சரி, எவ்வளவு வேண்டும் என்பதை எப்படிக் கணக்கிடுவது? பெரும்பாலானோர் போன வருட அக்டோபரைத் திறந்து பார்ப்பார்கள். தீபாவளி 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. 2023 அக்டோபரையும் 2024 அக்டோபரையும் பக்கத்தில் வைத்தால் வியாபாரம் எங்கேயோ எகிறியது போலத் தெரியும். நடந்தது பண்டிகை நகர்ந்தது மட்டும்தான். நவம்பர் 12 என்றால் சம்பளம் கைக்கு வந்த பிறகு பல நாள் கடைக்குப் போகலாம். அக்டோபர் 31 என்றால் மாதக் கடைசி. ஆகவே தேதியை விட்டுவிட்டு, தீபாவளிக்கு முன் 40-ஆம் நாள், 39-ஆம் நாள் என்று எண்ணி ஒப்பிடுங்கள். ஓர் எக்செல் தாளில் அரை நாள் வேலை.

2025-இல் இன்னொரு திருப்பம் வந்தது. வரி குறையும் என்று ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 3 அன்று முடிவானது. செப்டம்பர் 22-இல் நடைமுறைக்கு வந்தது. ஏசி, பெரிய டிவி எல்லாம் 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கின. வாங்க நினைத்தவர்கள் பலர் பொறுத்திருந்தார்கள். அந்த ஆண்டின் எண்களை அப்படியே அடுத்த ஆண்டுக்கு எடுத்தால் முன்பாதி மிகக் குறைவாகவும் பின்பாதி மிக அதிகமாகவும் வரும்.

இதைவிடப் பெரிய தவறு, விற்ற கணக்கைத் தேவை என்று நினைப்பது. ஒரு மாடல் நாளைக்கு 40 வீதம் பத்து நாள் விற்றுத் தீர்ந்துவிட்டது. மீதிப் பதினைந்து நாள் ஸ்டாக் இல்லை. ஏட்டில் 400 என்று இருக்கும். பக்கத்து மாடல் தீராமல் இருந்ததால் 600 விற்றது. அதிலும் ஒரு பங்கு, முதல் மாடல் கிடைக்காமல் இதை எடுத்தவர்கள். அடுத்த ஆண்டு 600 விற்ற மாடலுக்குத்தான் அதிக ஆர்டர் போடுவான் திட்டமிடுபவன். உண்மையில் கேட்கப்பட்டது முதல் மாடல், குறைந்தது 1,000. எந்த நாளில் எந்த மாடல் தீர்ந்தது என்ற தேதியை மட்டும் குறித்து வைத்தால்கூட இந்தப் பிழை பாதி சரியாகும்.

தீர்ந்துபோனால் என்ன நஷ்டம், மிஞ்சினால் என்ன நஷ்டம் என்பதையும் பொருளுக்குப் பொருள் கேட்க வேண்டும். ஒரு மிக்ஸி விற்காமல் போனால் 600 ரூபாய் லாபம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சினால் தை மாதக் கல்யாணச் சீர்வரிசைக்குப் போய்விடும். வட்டி, வாடகை சேர்த்து 100 ரூபாய்தான் செலவு. இரண்டு நஷ்டமும் சேர்ந்த 700-இல் 600, அதாவது ஏழில் ஆறு பங்கு, தீர்ந்துபோவதால் வருவது. அப்படியானால் ஏழு தீபாவளியில் ஆறுக்குப் போதும் அளவு தைரியமாக வைக்கலாம். தீபாவளிப் படம் அச்சிட்ட பரிசுப் பெட்டி அப்படி இல்லை. பண்டிகைக்கு மறுநாள் அதைத் தள்ளுபடியில்தான் தள்ள முடியும். இருபக்கமும் 600 நஷ்டம் என்றால் இரண்டில் ஒரு தீபாவளிக்குப் போதும் அளவோடு நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் ஒரே சதவீதம் கூட்டி ஆர்டர் போடுவது எனக்கு ஏற்பில்லை.

தற்காலிகக் குடோன் எடுப்பவர்கள் இரண்டு காகிதங்களை மறந்துவிடாதீர்கள். ஒன்று, அந்த முகவரியை ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் வியாபார இடமாகச் சேர்க்க வேண்டும். இரண்டு, காப்பீடு. பாலிசியில் அந்த முகவரி இருக்க வேண்டும், வெள்ளம் அதில் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும், தொகையும் சீசன் சரக்குக்கு ஏற்ப உயர வேண்டும். பத்துக் கோடிச் சரக்கு இருக்கும்போது ஐந்து கோடிக்கு மட்டும் காப்பீடு எடுத்திருந்து, இரண்டு கோடிக்குச் சேதமானால், பொதுவாக ஒரு கோடிதான் கிடைக்கும். குறைவாகக் காப்பீடு செய்த விகிதத்தில் இழப்பீட்டையும் குறைப்பார்கள். சீசனுக்குச் சீசன் சரக்கு மாறுபவர்களுக்கு, இருப்பை மாதா மாதம் அறிவிக்கும் வகைப் பாலிசி இருக்கிறது, ஏஜென்டிடம் கேளுங்கள்.

இடம் பார்க்கப் போகும்போது பக்கத்து டீக்கடையில் நின்று 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. ஆயுத பூஜை அக்டோபர் 19. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவதும் அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டித்தான். அதாவது கடைசி 20 நாள் விற்பனை முழுவதும் மழைக்குள் விழுகிறது. நன்றாக ஓடும் மாடல்கள் தெற்கு மாவட்டங்களுக்கு அக்டோபர் 10-க்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று வைத்தால், குடோன் ஒப்பந்தம் ஆகஸ்டிலேயே கையெழுத்தாக வேண்டும்.