கோரையின் மேல் மிதக்கும் ஊர்

பெரு நாட்டின் பூனோ நகரத் துறையிலிருந்து காலையில் புறப்படும் சுற்றுலாப் படகு, ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த கோரைக் காட்டை ஊடுருவிச் சென்று, ஏறக்குறைய அரை மணி நேரத்தில் உரோஸ் மக்களின் மிதவைத் தீவுகளை அடைகிறது. கடல் மட்டத்திலிருந்து 3,812 மீட்டர் உயரத்தில், பெருவுக்கும் பொலிவியாவுக்கும் இடையே பரந்து கிடக்கும் டிட்டிகாகா ஏரி இது. படகிலிருந்து இறங்கிக் காலை ஊன்றியதும் தரை மெத்தென்று அமுங்குகிறது; காலை எடுத்ததும் மெல்ல மேலெழுகிறது. வைக்கோற்போரின் மேல் நடந்து பழகியவர்களுக்கு இந்த உணர்வு புதிதாக இராது. ஆனால் இந்தப் போருக்கு அடியில் இருப்பது தண்ணீர்.

தீவு, வீடு, படகு, படுக்கை எல்லாவற்றுக்கும் இங்கே மூலப்பொருள் ஒன்றுதான்: நம் ஊரில் பாய் முடையும் கோரையின் குடும்பத்தைச் சேர்ந்த தொத்தோரா என்னும் நீர்த்தாவரம். அதன் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், உள்ளே கடற்பஞ்சு போன்ற வெண்ணிறச் சோறும் நுண்ணிய காற்றறைகளும் தெரியும். சேற்றில் புதைந்த வேருக்கு ஆக்சிஜன் கிடைப்பது அரிது என்பதால், இலைப்புறத்துக் காற்றை வேர்வரை இறக்குவதற்காகச் செடி தனக்கென அமைத்துக்கொண்ட குழாய்வழி அது. செடி மூச்சு விடுவதற்காக உண்டான அந்த வெற்றிடமே மனிதரைத் தாங்கும் மிதவையாகவும் ஆகிறது. தண்டின் வெண்மையான அடிப்பகுதியைத் தோலுரித்துத் தின்பதும் உண்டு. வழிகாட்டிகள் வருவோருக்கு ஆளுக்கொன்று உரித்துக் கொடுப்பார்கள்.

தீவு வெறும் தண்டுகளால் ஆனதன்று. தொத்தோராவின் வேர்களும் கிழங்குத்தண்டுகளும் பல ஆண்டுகள் பின்னிப் பிணைந்து, மட்கிய மண்ணோடு சேர்ந்து, ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட தடிமனுள்ள கட்டியாகின்றன. இதை அங்குள்ளோர் ‘கீலி’ என்கிறார்கள். உள்ளே மட்கும் பொருள்களிலிருந்து எழும் வாயுக்கள் வேர்ப்பின்னலுக்குள் சிக்கிக்கொள்வதால் அது இலேசாகிறது. மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும்போது ஏரித்தரையை விட்டுப் பிய்ந்து மேலே மிதந்து வருகிறது. அதை நீண்ட ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்து, படகால் இழுத்து வந்து, கட்டிகளில் முளைகளை அடித்துக் கயிற்றால் ஒன்றோடொன்று பிணைக்கிறார்கள். நாளடைவில் வேர்கள் வளர்ந்து இந்தத் தையலை நிரந்தரமாக்குகின்றன. அதன் மேல் அறுத்த தண்டுகளை ஓர் அடுக்கு நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் பரப்புவதால், ஓரிடத்தில் விழும் பாரம் பரவலாகப் பிரிகிறது. காற்று தீவைத் தள்ளிச் செல்லாதபடி, ஏரித்தரையில் ஊன்றிய யூகலிப்டஸ் கழிகளோடு கயிறு கட்டி நிறுத்துகிறார்கள். குடும்பங்களுக்குள் பிணக்கு முற்றினால் தீவையே ரம்பத்தால் அறுத்துப் பிரிந்துவிடுவார்கள் என்றும் சொல்வதுண்டு.

இத்தனை பேர் வந்து நின்றால் தீவு மூழ்காதா என்று வருவோர் கேட்பது இயல்பு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீளமும் அகலமும் 20 மீட்டர் உள்ள தீவில், தலைக்கு 60 கிலோ வீதம் 20 பேர் ஏறினால் கூடுதல் எடை 1,200 கிலோ. அதற்கு ஈடாகத் தீவு 1,200 லிட்டர் நீரை இடம்பெயர்த்தால் போதும். 400 சதுர மீட்டர் பரப்பில் அது வெறும் 3 மில்லிமீட்டர் ஆழம். காலடியில் நாம் உணர்வது மேலடுக்குக் கோரை நெருங்குவதைத்தான்.

தீவின் உண்மையான பகை மட்குதல். நீரில் அமிழ்ந்த தண்டுகளின் காற்றறைகளில் மெல்லத் தண்ணீர் புகுகிறது, நுண்ணுயிரிகள் அவற்றைச் சிதைக்கின்றன, மிதப்பு குறைகிறது. எனவே சில வாரங்களுக்கு ஒருமுறை மேலே புதுக்கோரை பரப்பியே ஆகவேண்டும். மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி. அடியில் கரைவதும் மேலே சேர்வதும் சமமாக இருக்கும்வரைதான் தீவு தீவாக இருக்கும். தொடர்ந்து பேணினாலும் ஏறக்குறைய 30 ஆண்டுகளில் அது தன் காலத்தை முடித்துக்கொள்கிறது. மனிதர் கட்டியவற்றுள் இவ்வளவு இடைவிடாத உழைப்பைக் கேட்கும் இருப்பிடம் வேறு அதிகம் இராது என்பது என் எண்ணம்.

பயணத்தின் அடுத்த நிறுத்தமான தக்கீலே, பாறையாலான உண்மைத் தீவு. ஆண்களும் பின்னல் வேலை செய்யும் இத்தீவின் நெசவுக் கலையை யுனெஸ்கோ 2005-இல் சிறப்பித்தது. படகுத்துறையிலிருந்து ஊர்வரை படியேறும்போது மூச்சு வாங்குவதற்குக் காரணம், இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கைவிடச் சற்றுக் குறைவு என்பதே. ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. தலைமுறைகளாக இங்கே வாழ்வோரின் குருதியில் ஹீமோகுளோபின் மிகுதியாக இருப்பதால் அவர்கள் சுமையோடும் ஏறிவிடுகிறார்கள். பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் வெளிவிடும் ஏரி உறைபனியின் கடுமையைத் தணிப்பதால்தான் இந்த உயரத்திலும் படிக்கட்டு வயல்களில் உருளைக்கிழங்கு விளைகிறது.

தொத்தோராப் படுகைகளைக் காக்கவே பெரு அரசு 1978-இல் டிட்டிகாகா தேசியக் காப்பகத்தை அமைத்தது. ஆயினும் பூனோ நகரின் கழிவுநீர் விரிகுடாவில் கலந்துவருகிறது. 2023-இல் ஏரியின் நீர்மட்டம் பெரிதும் தாழ்ந்தபோது கரையோரக் கோரைகள் காய்ந்து, படகுகள் சேற்றில் தங்கின. மேலே பரப்பப் புதுக்கோரை கிடைக்காத ஆண்டிலும் அடியிலுள்ள கோரை மட்குவது நிற்பதில்லை.