ஆஸ்ட்ரசைஸ்: ஓட்டாஞ்சில்லில் பிறந்த வினைச்சொல்

பாண்டி ஆடும்போது கட்டத்துக்குள் எறிவோமே ஓட்டாஞ்சில்லு, அதற்குப் பழைய கிரேக்க மொழியில் ஆஸ்ட்ரகான் என்று பெயர். ஒருவரைச் சேர்த்துக்கொள்ளாமல் ஒதுக்குவதைச் சொல்லும் 'ஆஸ்ட்ரசைஸ்' என்ற ஆங்கில வினைச்சொல் அதிலிருந்து வந்ததுதான். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? சிப்பியைக் குறிக்கும் 'ஆய்ஸ்ட'ரும் இதற்கு ஒன்றுவிட்ட உறவு.

உடைந்த பானைக்கும் ஆளை ஒதுக்குவதற்கும் என்ன சம்பந்தம்? பழைய கிரேக்க நகரமான ஏதென்ஸில் வருடத்துக்கு ஒருமுறை, இந்த ஆண்டு யாரையாவது வெளியே அனுப்பலாமா என்று மக்கள் சபையில் கேட்பார்கள். சரி என்றால், குறித்த நாளில் ஆளுக்கொரு ஓட்டில் ஒரு பெயரைக் கீறிப் போடுவார்கள். ஓட்டில் எழுதிய ஓட்டு! 6000 விழுந்தால்தான் செல்லும். சிக்கியவர் 10 நாளில் கிளம்பி, 10 ஆண்டு ஊர்ப்பக்கம் வரக்கூடாது. குற்றச்சாட்டும் கிடையாது, விசாரணையும் கிடையாது. ஆனால் சொத்து அவருடையதாகவே இருக்கும்.

கி.மு. 482இல் இப்படிப் போனவர் அரிஸ்டைடிஸ். 'நீதிமான்' என்று பெயரெடுத்தவர். எழுதத் தெரியாத ஒருவர் அவரிடமே ஓட்டை நீட்டி, 'அரிஸ்டைடிஸ்னு எழுதிக் குடுங்க' என்றாராம். அவர் என்ன கெடுதல் செய்தார் என்று கேட்டதற்கு, 'ஒண்ணுமில்ல, எங்க போனாலும் நீதிமான் நீதிமான்கிறாங்க, கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு' என்று பதில். மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தாராம். பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்லும் கதை இது. பாரசீகப் படை வந்தபோது 10 ஆண்டு முடியும் முன்பே அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

இன்றைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு நாட்டைவிட்டுப் போகச் சொல்வது என்ற பொருள் இல்லை. ஆள் அங்கேயே இருப்பார், யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் தமிழில் 'நாடு கடத்து' பொருந்தாது. 'புறக்கணி' என்பதும் எனக்கு ஒப்பவில்லை. தேர்தலையும் கூட்டத்தையும்கூடப் புறக்கணிக்கலாம், அது பாய்காட். ஆஸ்ட்ரசைஸுக்கு ஆள் வேண்டும், அவரைச் சுற்றி ஒரு கூட்டமும் வேண்டும்.

நம்மிடம் கச்சிதமான சொல் இருக்கிறது: ஒதுக்கி வை. வெறும் 'ஒதுக்கு' போதாது. நிதியும் ஒதுக்குகிறோம், நேரமும் ஒதுக்குகிறோம். அந்த 'வை'யில்தான் விஷயம். ஒருமுறை செய்து முடித்ததல்ல, நாள்தோறும் தொடர்வது என்பதை அது காட்டுகிறது. பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் 'ஊர்விலக்கு'. கடையில் சாமான் கிடையாது, நல்லது கெட்டதுக்கு அழைப்பு கிடையாது, அன்னந்தண்ணி புழங்கக்கூடாது என்று கிராமத்தில் கட்டுப்பாடு போடுவது அதுதான்.

அலுவலகத்தில் ஒருவரைச் சாப்பிடக் கூப்பிடாமல், அவர் வந்ததும் பேச்சை நிறுத்தினால், அதற்கு 'ஊர்விலக்கு' பெரிய சொல். அங்கே 'ஒதுக்கி வெச்சிருக்காங்க' போதும்.