ஜேட்: மரகதம் என்று சொல்லிவிடலாமா?

பாங்காக் அரண்மனைக் கோயிலில் வீற்றிருக்கும் பச்சைநிறப் புத்தரை நாம் மரகதப் புத்தர் என்கிறோம். தாய்லாந்து மொழியிலும் அவர் பெயரில் 'மொரகோட்' உண்டு. நம் மரகதத்தின் தாய்லாந்து உச்சரிப்புதான் அது. ஆனால் 66 செ.மீ. உயரமுள்ள அந்தச் சிலை மரகதத்தில் செய்ததன்று. ஜேட் அல்லது ஜாஸ்பர் வகைக் கல் என்றே பொதுவாகச் சொல்கிறார்கள். பச்சையாக ஒரு கல்லைக் கண்டதும் மரகதம் என்றுவிடுவது பழைய வழக்கம். மொழிபெயர்ப்புகளில் இன்றும் அதுவே நடக்கிறது.

ஜேட் என்ற சொல் ஆசியாவில் பிறந்ததே இல்லை. 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோ சென்ற ஸ்பானியர்கள், அங்குள்ளவர்கள் விலாவலிக்கும் சிறுநீரக நோவுக்கும் ஒரு பச்சைக்கல்லை மருந்தாக வைத்துக்கொள்வதைப் பார்த்தார்கள். 'பியெத்ரா தெ இஹாதா', அதாவது விலாப்புறக் கல் என்று பெயரிட்டார்கள். செவில் நகர மருத்துவர் மொனார்தெஸ் 1565இல் இதை எழுதி வைத்தார். பிரெஞ்சுக்காரர் வாயில் அது 'லெஜாத்' ஆகி, முன்னெழுத்தைப் பெயர்முன் வரும் சுட்டாக எண்ணிப் பிரித்ததில் 'ஜாத்' மிஞ்சியது. அதுவே ஆங்கிலத்தில் ஜேட்.

அதே பெயரை லத்தீனில் சிறுநீரகத்தோடு சேர்த்து மொழிபெயர்த்தபோது பிறந்தது நெப்ரைட். 1863இல் பிரெஞ்சு வேதியியலாளர் தமூர், ஜேட் என்று வழங்குபவை இரு வேறு கனிமங்கள் என்று காட்டினார்: நெப்ரைட், ஜேடைட். மெக்சிகோவில் வழங்கியது ஜேடைட். பண்டைச் சீனம் போற்றியது நெப்ரைட். மெக்சிகோக் கல்லுக்கு வைத்த மருத்துவப் பெயர் கடைசியில் சீனக் கல்லின்மேல் ஒட்டிக்கொண்டது.

சீனர்கள் அதை அழைத்த சொல் 'யூ'. அதன் எழுத்து மூன்று கிடைக்கோடு, ஊடே ஒரு செங்குத்துக்கோடு: கயிற்றில் கோத்த கற்களின் படம். 'அரசன்' என்ற எழுத்தும் ஏறக்குறைய இதே வடிவம். குழப்பம் வராமல் இருக்க யூவுக்கு ஒரு புள்ளி சேர்ந்தது. புதையலைக் குறிக்கும் எழுத்தில் ஒரு கூரையின் கீழே இந்த யூதான் இருக்கிறது.

எழுத்துக்கு வெகுகாலம் முன்பே கல் வந்துவிட்டது. கிழக்குச் சீனத்தின் ஹாங்சோ அருகே, புதிய கற்காலத்து லியாங்ஜு பண்பாட்டுக் கல்லறை ஒன்றில் கிடைத்த 'சோங்' என்னும் யூ குழல் எனக்கு எப்போதும் வியப்பு. வெளியே சதுரம், உள்ளே வட்டத் துளை. உயரம் 9 செ.மீ.கூட இல்லை, எடை 6.5 கிலோ. இறகு முடி சூடிய ஒருவன் பெருங்கண் விலங்கொன்றின்மேல் அமர்ந்திருப்பதை, உள்ளங்கையில் பாதிகூட இல்லாத இடத்தில் மயிரிழைக் கோடுகளாகத் தீட்டியிருக்கிறார்கள். உலோகக் கருவி இல்லாத காலம் அது. நெப்ரைட்டின் நுண்ணிழைகள் பாய் முடைந்ததுபோல ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் உளிக்கு எளிதில் உடையாது. ஈரமணலைத் தூவி, கயிற்றாலும் கல்லாலும் நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்துத்தான் வடிவம் கொண்டுவர வேண்டும். தீட்டாத யூ கலமாகாது, கல்லாதவர் நெறியறியார் என்று சீனர்கள் கல்விக்கு உவமை சொன்னது இந்த உழைப்பைக் கண்முன் வைத்துத்தான்.

கி.பி. 100 அளவில் சூ ஷென் தொகுத்த சீன அகராதி, யூவுக்கு 'கல்லில் அழகானது, ஐந்து நற்பண்பு உடையது' என்று பொருள் எழுதியது. அதன் இதமான பளபளப்பு அன்பு. உள்ளிருப்பதை வெளியிலேயே காட்டும் இழையோட்டம் நேர்மை. தட்டினால் தொலைவுவரை கேட்கும் ஓசை அறிவு. வளையாமல் முறிவது துணிவு. கூர்மை இருந்தும் வெட்டாதது தூய்மை. அகராதிப் பொருளில் நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்றைய சீனத்தின் மேற்கே உள்ள கோட்டான் என்ற ஊரின் ஆறுகளில் பொறுக்கிய கற்களில் மிக உயர்வாக மதிக்கப்பட்டது வெள்ளை. ஆட்டுக்கொழுப்பு யூ என்றே அதற்குப் பெயர். கி.மு. 113இல் இறந்த இளவரசர் லியூ ஷெங்கின் உடலைத் தலைமுதல் கால்வரை மூடிய உடையில் 2,498 யூ துண்டுகளைப் பொன்னிழையால் தைத்திருந்தார்கள். உடல் அழியாது என்று நம்பினார்கள். இன்று நகைக்கடையில் மின்னும் கிளிப்பச்சை ஜேடைட் பர்மாவின் கச்சின் மலையிலிருந்து 18ஆம் நூற்றாண்டில்தான் சீனத்துக்குப் பெருமளவில் போனது. மீன்கொத்தியின் பெயரால் அதை 'ஃபெய்சுய்' என்றார்கள்.

இனித் தமிழுக்கு வருவோம். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைத் தெருவில் ஒன்பது மணிகளின் இயல்பும் வருகின்றன, ஜேட் இல்லை. நம் நவமணிக் கணக்கில் சேராத கல்லுக்குப் பழம்பெயர் தேடிப் பயனில்லை. 'பச்சைக்கல்' என்றால் வெள்ளை யூ வெளியே நிற்கும். 'பச்சை மாணிக்கக்கல்' என்பது தனக்குத்தானே முரண், மாணிக்கம் சிவப்பு. மூலப் பெயரை அப்படியே பெயர்த்தால் 'சிறுநீரகக் கல்' என்று ஒரு நோயின் பெயர் வந்து நிற்கும்.

அன்றாட எழுத்துக்கு 'ஜேட்' போதும். மரகதமும் வெளியிலிருந்து வந்த சொல்தானே? கிரந்தம் வேண்டாம் என்பவர்கள் ஜகரத்தைச் சகரமாக்கிச் 'சேடு' என்று எழுதலாம். நம் அகராதிகளில் சேடு என்ற சொல் முன்பே இருக்கிறது: அழகு, பெருமை, இளமை என்று பொருள். 'கல்லில் அழகானது' என்ற சூ ஷென்னின் விளக்கத்தோடு ஒலியும் பொருளும் இப்படிப் பொருந்தி வருவது தற்செயல்தான், ஆனாலும் நான் அதை விடமாட்டேன். கோட்டான் கல்லை வெண்சேடு என்றும், பர்மாக் கல்லைப் பசுஞ்சேடு என்றும் எழுதிப் பாருங்கள்.