பென்சில் ஓவியமாக மாற்றும் முன் அசல் படத்தைப் பத்திரப்படுத்துங்கள்

மறைந்த தம் தாயாரின் முதலாண்டுத் திதிக்காகப் பென்சில் ஓவியம் போன்ற படம் ஒன்றை 12-க்கு 18 அங்குல அளவில் பிரேம் போட்டுத் தரும்படி ஒருவர் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தார். கைப்பேசிச் செயலி ஒன்றில் அவரே மாற்றி வைத்திருந்த படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். கன்னத்தில் சிறு சிறு கட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. மூக்குத்தியின் ஒளி காணாமல் போயிருந்தது. கறுத்து அடர்ந்த கூந்தல் நரைத்ததுபோல வெளுத்திருந்தது. அசல் படத்தைக் கேட்டபோது, போனில் இடம் போதவில்லை என்று அழித்துவிட்டதாகச் சொன்னார்.

இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இந்தக் குறைகளின் காரணம் புரியும். ஃபோட்டோஷாப்பிலோ, இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலோ படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அந்த லேயரை (பட அடுக்கை) நகலெடுத்து, நகலை இன்வெர்ட் செய்து (கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் புரட்டி), அடியில் உள்ள படத்தை வெளுக்கச் செய்யும் டாட்ஜ் முறையில் மேலே வைத்தால் திரை ஏறக்குறைய முழுவதும் வெள்ளையாகிவிடும். பிறகு மேல் லேயருக்குக் காசியன் பிளர் என்னும் மங்கலாக்கலைக் கொடுக்கக் கொடுக்க, கண் இமையும் உதட்டு விளிம்பும் புடவைக் கரையும் கோடுகளாக எழுந்து வரும். சுற்றுப்புறத்தைவிடக் கறுத்த இடம் மட்டுமே இங்கே கோடாகிறது. ஒரே சீராகக் கறுத்த கூந்தலின் நடுப்பகுதிக்குச் சுற்றுப்புறத்தோடு வேறுபாடு இல்லாததால் அது வெள்ளைத்தாளாகிறது. சுற்றியிருக்கும் தோலைவிட ஒளிரும் மூக்குத்தியும் அவ்வாறே வெள்ளையில் கரைந்துவிடுகிறது. அந்தக் கட்டங்களோ, ஜேபெக் (JPEG) என்னும் கோப்பு முறை படத்தை 8-க்கு 8 பிக்சல் துண்டுகளாகப் பிரித்துச் சுருக்குவதால் வருபவை. சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத அந்த விளிம்புகளையும் இந்த முறை கோடுகளாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்படி இழந்த நிறத்தையும் நிழலையும் பென்சில் படத்திலிருந்து மீட்க இயலாது. ஆகவே மாற்றிய படத்தை எப்போதும் வேறு பெயரில் சேமியுங்கள். லேயர்கள் கலையாமல் இருக்க பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்) அல்லது எக்ஸ்சிஎஃப் (கிம்ப்) கோப்பாகவும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாகுமென்டாக அனுப்புங்கள், படம் சுருங்காமல் வந்து சேரும். படத்தைத் தம் சர்வருக்கு ஏற்றிக்கொண்டு மாற்றித் தரும் செயலிகளும் உண்டு என்பதால், வீட்டுப் பெண்கள், குழந்தைகளின் முகங்களை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்ற வேண்டாம் என்று வருகிற எல்லாரிடமும் நான் வற்புறுத்திச் சொல்கிறேன். கிம்ப்பில் நான் மேலே சொன்ன வேலை முழுவதும் உங்கள் கணினியிலேயே, இணையம் இல்லாமலே முடிந்துவிடும்.

நல்வேளையாக, அந்த அம்மாவின் 4-க்கு 6 அங்குலப் பிரின்ட் ஒன்று அவருடைய அக்கா வீட்டு ஆல்பத்தில் இருந்தது. அதை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தபோது 2400-க்கு 3600 பிக்சல் கிடைத்தது; 12-க்கு 18 அளவில் அங்குலத்துக்கு 200 பிக்சல் என்பது சுவரில் மாட்டும் படத்துக்குப் போதும். கோடுகள் எழுந்த பின், கறுப்பு வெள்ளை அசலை, அடியில் உள்ளதைக் கறுக்கச் செய்யும் மல்டிப்ளை முறையில் மேலே வைத்து, வேண்டாத இடங்களை மறைக்கும் மாஸ்க் போட்டுக் கூந்தலிலும் கண்மணியிலும் மட்டும் மெல்லத் தெரியவிட்டேன். மூக்குத்தியைச் சுற்றி மூக்கின் நிழலையும் அப்படியே லேசாகக் கொண்டுவந்த பிறகுதான் அந்த ஒற்றைக்கல் வெள்ளைப் புள்ளியாக மறுபடி துலங்கியது.