பிரிதிறன் என்று சொல்வோம்

சென்ற மாதம் இங்கே மலேசியாவில், பட்டர்வொர்த்தில் ஒரு கோயிலின் ஆண்டுப் பொதுக்கூட்டம். கணக்கறிக்கையைத் திரையில் காட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். விழாக்களுக்கு ஒலிபெருக்கி, திரை, புரொஜெக்டர் வாடகைக்கு விடுவது என் தொழில். அன்று கோயிலே புதிதாக வாங்கியிருந்த சின்ன புரொஜெக்டரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றார்கள். அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்ததால் செயலாளர் ஆசையாகத் தமிழையே தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். பொருளாளரின் மடிக்கணினியைக் கம்பியில் மாட்டினேன். படம் வரவில்லை. நீலத் திரையின் நடுவில் பெரிய எழுத்தில் ஒரு வரி: "உள்ளீட்டுத் தீர்மானம் ஆதரிக்கப்படவில்லை."

முன் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்துவிட்டார். "தீர்மானத்த இன்னும் யாரும் முன்மொழியவே இல்லையே தம்பி, அதுக்குள்ள ஆதரிக்கலன்னு எழுதிப்போட்டது யாரு?"

அன்றைக்குக் கோயில் நிலம் பற்றிய தீர்மானம் ஒன்று வாக்குக்கு வர இருந்தது. திரையில் இருப்பது அதைப் பற்றித்தான் என்று நினைத்துவிட்டார். பின்னால் இருந்த இளைஞர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தமிழைத் தமிழாகப் படித்தார்; தப்பு அந்த வரியை எழுதியவருடையது. மடிக்கணினி படத்தை 2560 × 1600 புள்ளிகளாக அனுப்பிக்கொண்டிருந்தது. 1920 × 1080-க்கு இறக்கியதும் படம் வந்துவிட்டது. அரை நிமிட வேலை. ஆனால் அந்தச் சொல்லை நான் பார்ப்பது இது எத்தனையாவது தடவை என்று எனக்கே கணக்கில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

படத்தில் எத்தனை புள்ளி என்பதை ஆங்கிலத்தில் ரெசலூஷன் என்பார்கள்; அதைத்தான் அந்த வரி தீர்மானம் ஆக்கியிருந்தது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் லத்தீன். கட்டியதை அவிழ்ப்பது, தளர்த்திப் பிரிப்பது என்பதுதான் வேர்ப்பொருள். அதிலிருந்து இரண்டு கிளை. சிக்கலை அவிழ்த்து முடிவுக்கு வருவது ஒரு கிளை. சபையில் நிறைவேற்றும் தீர்மானம் அங்கே இருக்கிறது. ஒன்றாகக் கிடப்பதைக் கூறுகூறாகப் பிரிப்பது இன்னொரு கிளை. கண்ணாடி வில்லை, தொலைநோக்கி, திரை, புரொஜெக்டர் எல்லாம் அங்கே இருக்கின்றன. நம்முடைய தீர்மானம், "தீர்" என்ற வினையோடு வருமானம், கட்டுமானம் போன்றவற்றில் வரும் "மானம்" சேர்ந்து பிறந்தது. முதல் கிளைக்கு அது கச்சிதம். இரண்டாவதில் அதற்கு வேலையே இல்லை. அகராதியின் முதல் வரியை மட்டும் பார்க்கும் இயந்திரம்தான் இரண்டையும் குழப்பும். இதைவிட நீளமாகப் பேச அந்தச் சொல்லுக்குத் தகுதி இல்லை.

நான் சண்டை போட விரும்புவது, அதே ரெசலூஷனுக்கு வழங்கும் "தெளிவுத்திறன்" என்ற சொல்லோடு. தீர்மானம் தப்பு என்பது பார்த்தவுடன் தெரியும், ஆபத்து குறைவு. தெளிவுத்திறன் கேட்க இனிமையாக இருக்கிறது, நல்ல தமிழாகவும் இருக்கிறது. அதனால் கணினிப் பட்டியல்களிலும் கைப்பேசி விளம்பரங்களிலும் குடியேறி உட்கார்ந்துவிட்டது. ஆனால் அது ஒரு விளைவை வாக்களிக்கிறது. எண் கூடினால் தெளிவு கூடும் என்று சொல்கிறது. புரொஜெக்டரோடு பழகியவர் யாரைக் கேட்டாலும் அப்படி இல்லை என்பார்கள்.

பிறை என்ற ஊரில் ஒரு தமிழ்ப்பள்ளி. கூடத்தில் பத்து வருடத்துக்கு மேல் உழைத்த எல்சிடி ஒன்று தொங்குகிறது. (புரொஜெக்டரை எல்சிடி என்று சொல்வது நம் ஊர்ப் பள்ளிகளின் வழக்கம், உள்ளே இருக்கும் பொருளின் பெயரே ஆகுபெயராகிவிட்டது.) எழுத்து மங்கலாக இருக்கிறது, விளக்கு போய்விட்டதா என்று பாருங்கள் என்று டீச்சர் கூப்பிட்டார். விளக்கு நன்றாகவே இருந்தது. திரையில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான சொல்பட்டியல், கொஞ்சம் சின்ன எழுத்தில். கிட்டே போய்ப் பார்த்தேன். "பட்டம்" என்ற சொல்லில் ட் மேல் இருக்க வேண்டிய புள்ளி சாம்பல் கறையாகக் கரைந்திருந்தது. ம் மேல் அதுவும் இல்லை. "பக்கம்" இருந்த இடத்தில் "பககம" நின்றது. ஒரு பையன் கை தூக்கி, "டீச்சர், அது க-வா, க்-ஆ?" என்று கேட்டிருக்கிறான். மெய்யெழுத்துப் பாடத்தில் மெய்க்குப் புள்ளி இல்லை!

என்ன செய்தீர்கள் டீச்சர் என்று கேட்டேன். தமிழில் இருந்த வழிகாட்டி ஒன்றில் "சிறந்த காட்சிக்குத் தெளிவுத்திறனை உயர்த்தவும்" என்று போட்டிருந்ததாம். அவரும் இருப்பதிலேயே பெரிய எண்ணாக 1920 × 1080-ஐத் தேர்ந்தெடுத்திருக்கிறார். சொன்னபடிதான் செய்தார். ஆனால் அந்த எல்சிடியின் உள்ளே இருப்பது 1024 × 768 புள்ளிகள் மட்டும். அகலத் திரைப் படத்தை அதற்குள் அடக்கினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு 1024 × 576 இடம்தான் கிடைக்கும். 1920-ஐ 1024-இல் அடைத்தால், கணக்குப் போட்டுப் பாருங்கள், 15 புள்ளிக்கு 8 இடம். குறுக்கிலும் நெடுக்கிலும் சேர்த்தால் மூன்றரைப் புள்ளிகள் ஓரிடத்தில் நெருக்கி உட்கார வேண்டும். கறுப்பும் வெள்ளையும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் சாம்பல். முதலில் பலியாவது எழுத்திலேயே மிகச் சின்னதான நம் மெய்ப்புள்ளி.

1024 × 768-க்கு மாற்றினேன். கணினி அனுப்பும் ஒவ்வொரு புள்ளிக்கும் எல்சிடியில் ஓரிடம் கிடைத்தது. புள்ளிகள் உட்கார்ந்தன. எழுத்தும் சற்றுப் பெரிதானது. எண்ணைக் குறைத்தோம், தெளிவு கூடியது. "தெளிவுத்திறனைக் குறைத்ததால் தெளிவாகத் தெரிகிறது" என்று டீச்சரிடம் எப்படிச் சொல்வது? சொல் தன் பொருளையே மறுக்க வேண்டிய நிலை. அங்கேதான் அந்தச் சொல் தோற்றுப்போகிறது.

தெளிவு என்பது பல காரணங்களால் வருவது. வில்லையின் குவியம் சரியாக இருக்க வேண்டும், சன்னலை மூட வேண்டும், விளக்கு பிரகாசமாக இருக்க வேண்டும், திரை வெள்ளையாக இருக்க வேண்டும். புள்ளி எண்ணிக்கை அவற்றில் ஒன்று. ஒரு காரணத்துக்கு விளைவு முழுவதன் பெயரையும் வைத்துவிட்டால், மற்றவற்றைச் சரிபார்க்க யாருக்கும் தோன்றாது. சோறு குழைந்ததற்கு அரிசியை மட்டும் குறை சொல்வது மாதிரி. "துல்லியம்" என்பவர்களுக்கும் இதே பதில்தான். அது அளவுக்கும் குறிக்கும் உரிய சொல், அதை அங்கேயே விட்டுவிடலாம்.

அப்புறம், தமிழில் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது: பிரிதிறன். இயற்பியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பகுதிறன் என்றும் சொல்வார்கள். எனக்கு அதிலும் குறை இல்லை, ஆனால் பிரி என்றால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். நெருங்கியிருக்கும் இரண்டை இரண்டாகப் பிரித்துக் காட்டும் திறன். இரண்டு ஒளிப்புள்ளிகள் எவ்வளவு நெருங்கினால் ஒன்றாகத் தெரியும் என்பதற்கு 1879-இல் இயற்பியலாளர் ரேலி பிரபு ஓர் அளவுகோல் வகுத்தார். நாம் அதைக் கல்யாண மேடையிலேயே வைத்திருக்கிறோம். அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிறோமே, அது என்ன? சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டரை ஒட்டி மங்கலாக நிற்கும் அருந்ததியைத் தனியாகப் பிரித்துக் காண்பது. நல்ல கண்ணுக்கு இரண்டும் பிரியும். வசிட்டரைத் தொலைநோக்கியில் பார்த்தால் அவரே இரண்டாகப் பிரிவார். இத்தாலியில் 1617-லேயே அதைப் பார்த்துவிட்டார்கள். வெறுங்கண்ணுக்கு வசிட்டர் எவ்வளவோ தெளிவாகத் தெரிகிறார். தெளிவில் குறையே இல்லை. ஆனாலும் ஒன்றாகத்தான் தெரிகிறார். தெளிவு வேறு, பிரிதல் வேறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மலாய் மொழியில்கூட வழி இருக்கிறது. ஐந்தாம் படிவ இயற்பியலில் ஒரு விசையை இரண்டாகப் பிரிப்பதை "லெராயான் டாயா" என்று நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கும் ரெசலூஷன்தான். சண்டை போடுகிறவர்களை விலக்கிவிடுவதற்கும் மலாயில் அதே "லெராய்"தான். பிரிப்பதுதான் கரு என்று மலாய்க்காரர்கள் பார்த்த இடத்தில் நம்மவர்கள் தெளிவைப் போய்ப் பிடித்துக்கொண்டார்கள்.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். "பிரித்திறன்" என்று த் போடக்கூடாது. இது வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு மாதிரி வல்லினம் மிகாது.

சரி, பட்டியலில் வரும் எண்களை என்ன சொல்வது? 1024 × 768 என்பது எண்ணிக்கை. எத்தனை புள்ளி, எத்தனை வரிசை என்ற கணக்கு. இதற்கும் நம்மிடம் சொல் உண்டு, அதுவும் வாசலில். "15 புள்ளி, 15 வரிசை" என்று கோலத்துக்குச் சொல்கிறோம். 19 புள்ளிக் கோலத்தை 10 புள்ளி வைத்த தரையில் போட முடியாது என்று என் அம்மாவுக்குத் தெரியும். அவர் கணினியைத் தொட்டதே இல்லை. தீபாவளிக்குப் பேரங்காடிகளில் வண்ண அரிசியில் பெரிய கோலம் போடுகிறவர்களுக்கும் தெரியும். அதனால் நான் தொலைபேசியில் உதவி கேட்பவர்களிடம், "1024 புள்ளி, 768 வரிசை வைங்க" என்றுதான் சொல்கிறேன். இதுவரை யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

"ஆதரிக்கிறது" என்ற இன்னொரு சொல்லும் இதில் சேர்ந்துகொண்டு கெடுதல் செய்கிறது. இணையத்தில் விற்கும் மலிவு புரொஜெக்டர்களின் பெட்டியில் "1080 ஆதரிக்கிறது" என்று இருக்கும். உள்ளே 800 புள்ளி, 480 வரிசைதான் இருக்கும். பொய் இல்லை; 1080-ஐ அனுப்பினால் அது வாங்கிக்கொண்டு சுருக்கிப் போடும், அவ்வளவுதான். கட்சியை ஆதரிக்கலாம், தீர்மானத்தை ஆதரிக்கலாம். சமிக்ஞையை ஏற்கத்தான் முடியும். "ஏற்கும் புள்ளி", "உள்ள புள்ளி" என்று இரண்டையும் பிரித்து எழுதினால் வாங்குகிறவர் ஏமாற மாட்டார். இந்த "உள்ள" புள்ளியைத்தான் இப்போது "பூர்வீகத் தீர்மானம்" என்று மொழிபெயர்க்கிறார்கள்! பூர்வீகச் சொத்து கேள்விப்பட்டிருக்கிறோம். "இயல்புப் பிரிதிறன்" என்றால் போதும்.

கணினியும் புரொஜெக்டரும் இதைத் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் செய்கின்றன. கம்பியை மாட்டியதும் புரொஜெக்டர் தன்னிடம் உள்ள புள்ளி என்ன, ஏற்கும் புள்ளி என்ன என்று 128 பைட்டில் ஒரு குறிப்பு அனுப்பும். கணினிப் படத்தைத் திரைக்குக் கொண்டுபோகும் பழைய விஜிஏ கம்பியில் 15 ஊசிகள். அந்தக் குறிப்பு போவது 12ஆம் ஊசியிலும் 15ஆம் ஊசியிலும். அந்த இரண்டும் உடைந்திருந்தாலோ மலிவுக் கம்பியில் அந்த இழைகளே இல்லாவிட்டாலோ, கணினிக்கு எதிரில் இருப்பது யார் என்று தெரியாது, ஏதோ ஓர் அளவை ஊகித்து அனுப்பும். அப்போது ஆள்தான் எண்ணைப் பார்த்துப் போட வேண்டும். அந்த நேரத்தில் அவர் கண்ணில் படும் சொல் சரியாக இருக்க வேண்டாமா?

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு ஒரே வருத்தம். பெரும்பாலானவர்கள் அந்தப் பொருளைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. ஒரு மாலை எங்களோடு கூடத்தில் நின்று, கம்பி மாட்டி, எண்ணை ஏற்றி இறக்கிப் பார்த்திருந்தால் தெளிவுத்திறன் என்று எழுதக் கை வந்திருக்காது. 2001-இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடத்திய நாடு இது. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பிறந்த நாடு. நம் ஊரில் சொல்லாக்கம் விளையாட்டாகச் செய்யப்பட்டதில்லை. தப்பான தமிழ்ச் சொல்லுக்குப் பதில் "ரெசலூஷன்" என்றே எழுதிவிடுவது மேல் என்பேன். கடன்சொல் யாரையும் தப்பான பொத்தானை அழுத்தச் சொல்வதில்லை. ஆனால் பிரிதிறன் கையில் இருக்கும்போது கடனுக்கு ஏன் போக வேண்டும்?

பிறைப் பள்ளியில் எல்சிடிக்குக் கீழே சுவரில் ஒரு தாள் ஒட்டிவிட்டு வந்தேன்: "இதில் உள்ளவை 1024 புள்ளி, 768 வரிசை. கணினியிலும் அதையே வைக்கவும்." இரண்டு வாரம் கழித்து டீச்சர் கூப்பிட்டார். பாலர் பள்ளிக்குப் புதிதாக ஒன்று வந்திருக்கிறதாம்.

"அதுக்கு எத்தனை புள்ளி, எத்தனை வரிசைங்க?"

பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 1280 புள்ளி, 800 வரிசை.