தொட்டிப்பாலம் ஏன் பறந்து போனது?

என் அக்கா மகன் சிவில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறான். புராஜெக்டுக்கு அவன் எடுத்தது குமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள்மேல், பட்டணங்கால் வாய்க்காலின் தண்ணீரை ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்குக் கொண்டுபோகிற அதே பாலம். முழுவதும் வேண்டாம், இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள ஒரு கண்ணை மட்டும் கணினியில் செய்து பார் என்று சொல்லியிருந்தேன்.

ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தது. "மாமா, நேத்துல இருந்து ஓடவே மாட்டேங்கு. சால்வர் எரர்னே காட்டிட்டு நிக்கு."

நாகர்கோவிலில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா கட்டன்காப்பி போட்டுத் தந்தாள். பையன் சால்வர், அதாவது கணக்கைத் தீர்க்கிற மென்பொருள், காட்டிய கடைசி வரியையே வெறித்துக்கொண்டிருந்தான். எல்லோரும் செய்கிற தப்புதான் இது. 'கணக்கு நின்றுவிட்டது' என்பதைத் தவிர அந்தக் கடைசி வரியில் ஒன்றும் இருக்காது. மென்பொருள் தான் செய்ததையெல்லாம் வரிசையாக எழுதிவைக்கிற லாக் ஃபைலைத் திறந்து மேலிருந்து கீழே வர வேண்டும். முதல் வார்னிங் எங்கே வருகிறதோ அங்கேதான் வியாதி. கீழே உள்ளதெல்லாம் அதனால் வந்த காய்ச்சல்.

அவன் ஃபைலில் முதல் வார்னிங் 'பிவட் பூஜ்யம்' என்றது. பிவட் என்றால் கணக்கில் வகுக்கிற எண்.

இந்த மென்பொருள்கள் பாலத்தைச் சின்னச் சின்னக் கட்டிகளாக வெட்டிக்கொள்கின்றன. அதைத்தான் மெஷ் என்கிறோம். கட்டிகள் சேருகிற புள்ளிக்கு நோட் என்று பெயர். ஒவ்வொரு நோடும் மூன்று திசையில் நகரலாம், ஒவ்வொரு திசைக்கும் ஒரு சமன்பாடு. 50,000 நோட் இருந்தால் ஒன்றரை லட்சம் சமன்பாடுகள். இவ்வளவு விசை கொடுத்தால் எவ்வளவு நகரும் என்று இவை அத்தனையையும் ஒரே நேரத்தில் தீர்ப்பதுதான் சால்வரின் வேலை. ஆனால் எதுவுமே பிடித்து நிறுத்தாத ஒரு பொருளைத் தள்ளினால் எவ்வளவு நகரும்? போய்க்கொண்டே இருக்கும். அதற்கு ஒரு எண்ணைச் சொல்ல முடியாது. கணக்கில் அது பூஜ்யத்தால் வகுக்கிற இடமாக வந்து நிற்கிறது, சால்வரும் கையை விரித்துவிடுகிறது.

"தூணுக்கு அடியில ஃபிக்ஸ் பண்ணியிருக்கேனே மாமா?"

பண்ணியிருந்தான். தொட்டி தூண்மேல் உட்கார்ந்திருப்பதுபோல்தான் திரையில் தெரிந்தது. நம் கண்ணுக்குத்தான் அது உட்கார்ந்திருக்கிறது. தொட்டியின் நோடும் தூணின் நோடும் ஒன்றாக இணையாதவரை, சால்வருக்குத் தொட்டி அந்தரத்தில் மிதக்கிற ஒரு பொருள். இந்த மாதிரி நேரத்தில் எனக்குப் பிடித்த வைத்தியம் ஒன்று உண்டு: சுமையை எல்லாம் எடுத்துவிட்டு, அதே மாடலின் இயல்பு அதிர்வெண்களை, அதாவது தட்டிவிட்டால் நொடிக்கு எத்தனை முறை தானாக அதிரும் என்பதை, மட்டும் கேட்பது. எங்கும் கட்டப்படாத பொருளுக்கு நகர மூன்று வழி, சுழல மூன்று வழி, ஆக ஆறு. ஆறும் ஏறக்குறைய 0 ஹெர்ட்ஸ் என்று வரும். எங்களுக்கும் ஆறு பூஜ்யம் வந்தது. அசைவை ஓட்டிப் பார்த்தால் தூண்கள் சிலைபோல் நிற்க, தொட்டி மட்டும் சைடாக நழுவிப் போய்க்கொண்டிருந்தது. பையன் சிரித்துவிட்டான்.

இணைத்து ஓட்டினோம். இந்த முறை எரர் வரவில்லை, தொட்டி சந்திரனைத் தாண்டித் தொங்கியது.

அலகுதான் காரணம். வரைபடம் மில்லிமீட்டரில், விசை நியூட்டனில். அப்படியானால் நிறை டன்னில் இருந்தால்தான் கணக்கு ஒத்துப்போகும். கான்கிரீட்டின் அடர்த்தி கன மீட்டருக்கு 2,500 கிலோ. அதே அடர்த்தி கன மில்லிமீட்டருக்கு 0.0000000025 டன். இவன் 2500 என்றே அடித்திருக்கிறான். எடை ஒரு லட்சம் கோடி மடங்கு கூடிவிட்டது. பெரும்பாலான மென்பொருள்கள் அலகைக் கேட்பதே கிடையாது, கொடுத்த எண்ணை அப்படியே பெருக்கும். பெரிய வளைவுகளையும் கணக்கில் எடுக்கச் சொல்லியிருந்தால் 'கட்டி சிதைந்துவிட்டது' என்று வேறொரு எரர் வந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு மெஷ்ஷை நுணுக்கிக்கொண்டே போய் ஒரு வாரத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. நானும் ஒரு காலத்தில் தொலைத்திருக்கிறேன்.

தூண் தலையில் தொட்டி ஒட்டிக்கொண்டிராமல், உராய்வோடு உட்கார்ந்திருக்கட்டும் என்று அடுத்து மாற்றினான். அப்போது வந்தது 'கன்வர்ஜ் ஆகவில்லை'. உராய்வு வந்ததும் கணக்கு நேர்கோட்டை விட்டு விலகிவிடும், ஒரே தடவையில் தீர்க்க முடியாது. மீன் நிறுக்கிற தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் நாம் ஏற்றிய சுமை, இன்னொரு தட்டில் பொருள் உள்ளிருந்து தாங்குகிற விசை. சால்வர் ஒரு வளைவை ஊகித்து நிறுத்துப் பார்க்கும். முள் சாய்ந்தால், எவ்வளவு சாய்ந்தது என்பதை வைத்து ஊகத்தைத் திருத்தி மறுபடி நிறுக்கும். நியூட்டன்-ராப்சன் முறை இதுதான். முள் போதுமான அளவு நடுவில் நின்றால் கன்வர்ஜ் ஆயிற்று. முதல் ஊகமே வெகு தூரத்தில் இருந்தால் திருத்தமும் தாறுமாறாகப் போகும். அதனால் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் பத்துப் பங்காக ஊற்றச் சொன்னேன், ஓடியது. கன்வர்ஜ் ஆக வேண்டும் என்பதற்காக எவ்வளவு சாய்வு பரவாயில்லை என்ற அளவைத் தளர்த்துகிறவர்களும் இருக்கிறார்கள். அது முள்ளைக் கையால் பிடித்துக்கொண்டு நிறுப்பது மாதிரி.

ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தாலே மக்கர் பண்ணுகிற மென்பொருள்களும் உண்டு. அதற்கெல்லாம் அறிவியல் தேவையில்லை, பெயரை மாற்றினால் போதும்.

முப்பந்தலில் சுழலும் காற்றாலைகளைப் போல் ஒன்றைச் செய்துபார்க்கிறவர்களுக்குத் தொல்லை வேறு. அங்கே ஓடுவது காற்று. காற்றுவெளியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகவும் நேரத்தைச் சின்னச் சின்னப் படிகளாகவும் பிரித்துக் கணக்கு நடக்கிறது. கூரண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்ற கணித அறிஞர்கள் மூவரும் 1928-இல் சொன்ன நிபந்தனையை எளிமையாகச் சொன்னால், ஒரு காலப்படிக்குள் காற்று ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நொடிக்கு 12 மீட்டர் காற்று, 10 சென்டிமீட்டர் கட்டம் என்றால் காலப்படி 0.008 நொடிக்கு மேல் போகக் கூடாது. இறக்கையின் நுனி நொடிக்கு 70 மீட்டர் போனால், அங்கே 0.0014 நொடி. ஒவ்வொரு படியையும் முந்தைய படியிலிருந்து நேராகக் கணக்கிடுகிற சால்வர்களுக்கு இது கட்டாயம். மீறினால் பிழை படிக்குப் படி பெருகும். 1 என்ற அளவில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போனால், கணினியின் வழக்கமான தசம எண்ணில் அடங்காத அளவை 1,024-ஆவது படியில் தொட்டுவிடும். 'ஃபுளோட்டிங் பாயின்ட்' (கணினியின் தசம எண்) என்று தொடங்குகிற எரர் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

எரர் வந்தால் நான் பயப்படுவதில்லை. வராதபோதுதான் பயம். நார்வேயில் 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்லைப்னர் ஏ என்ற எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் கடலில் மூழ்கியது. கணினிக் கணக்கு ஒழுங்காக ஓடி முடிந்த வடிவமைப்புதான். ஆனால் முக்கியமான ஒரு மூலையில் மெஷ் சரியில்லாததால் வெட்டுத் தகைவு (சுவரைக் குறுக்காக அறுக்கப் பார்க்கிற விசையின் செறிவு) 47 சதவீதம் குறைவாக வந்திருந்தது. அங்கேயும் கான்கிரீட் சுவரை அழுத்தியது தண்ணீர்தான்.

அதனால் பையனிடம் ஒரு தாளை நீட்டினேன். அவன் மாடலில் கண்ணின் நீளம் 12 மீட்டர், தொட்டியின் உள் அகலம் 2 மீட்டர், தண்ணீர் ஒன்றரை மீட்டர் ஆழம். ஆக 36 டன் தண்ணீர். கான்கிரீட் 42 டன். இரண்டு தூண் தலைகளிலும் சேர்த்து 78 டன் இறங்க வேண்டும். மென்பொருளில் பார்த்தால், ஒரு எரர்கூட இல்லாமல், 6 டன்.

கொஞ்ச நேரம் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். 42-இல் 36 போனால் 6.

"மாமா, தண்ணி கீழ்நோக்கித்தானே அழுத்தும்னு பிரஷருக்கு மைனஸ் போட்டேன்."

அந்த மென்பொருளில் பிரஷர் ப்ளஸ் என்றால் பரப்பை நோக்கி அழுத்தும், மைனஸ் என்றால் உறிஞ்சி இழுக்கும். தண்ணீர் இவ்வளவு நேரமும் தொட்டியை மேலே தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது. மைனஸை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினான். 77.99 வந்தபோது மணி ஒன்றரை. அக்கா எப்போதோ தூங்கியிருந்தாள்.